ஈந்ததா, ஈட்டியதா? - ஆங்கிலக் குடியாட்சி வரலாற்றுக்கு எழுந்த உரைகள்

திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. மூலம் ஒன்று, உரை பல. ஒருவர் உரையில் ஒளிபெறும் சொல் மற்றொருவர் உரையில் மங்கி நிற்கும். உரையாசிரியர் வாழ்ந்த காலமும் அவர் சார்ந்த சமயமும் உரையினுள் ஊடுருவி நிற்றலைக் கற்றோர் அறிவர். நாட்டு வரலாறும் அத்தகையதே. நிகழ்ந்தவை நிகழ்ந்தவையே. ஆயினும் அவற்றை ஒரு தொடராகக் கோத்து, இதனால் இது விளைந்தது என்று கூறப் புகும்போது உரை பிறக்கிறது. உரை பிறக்குமிடத்தே உரையாசிரியரின் சார்பும் உடன் பிறக்கிறது.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்து குடியாட்சி நாடான வரலாறு. முடி மாறாமலே ஆட்சி மாறிய நாடு அது. 1215-இல் ஜான் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா, 1689-இல் எழுந்த உரிமைச் சட்டம், 1832, 1867, 1884 ஆகிய ஆண்டுகளின் சீர்திருத்தச் சட்டங்கள், 1918-லும் 1928-லும் விரிந்த வாக்குரிமை என்னும் படிகள் பள்ளி மாணவரும் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவை. இப்படிகளின்மீது அந்நாட்டை ஏற்றியவர் யார் என்பதே வினா. ஆண்டோர் மனமுவந்து ஈந்தனரா? ஆளப்பட்டோர் போராடி ஈட்டினரா? அன்றி, அரசியல் சூழ்ச்சியின் நடுவே தற்செயலாக வாய்த்ததா? அறிஞர் ஒருமித்து விடை கூறவில்லை.

இஃது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. மலேசியாவும் சிங்கப்பூரும் உட்படப் பல நாடுகளின் பாராளுமன்றங்கள் அவ்வச்சில் வார்க்கப்பட்டவை. அந்த அச்சு எவ்வாறு உருவாயிற்று என்று அறிவது அவற்றின் குடிகளுக்கும் கடனாகும்.

விக் கட்சியார் வகுத்த உரை

முதலில் எழுந்ததும் நெடுங்காலம் கோலோச்சியதும் விக் கட்சிச் சார்பினரின் உரை. அதன் தலைமகன் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. இந்தியரின் கல்வி பற்றி 1835-இல் குறிப்பு வரைந்தவர் என்ற முறையில் தமிழர்க்கு அறிமுகமான அவரே, 1848-இல் தம் இங்கிலாந்து வரலாற்றின் முதலிரு தொகுதிகளை வெளியிட்டார். ஐரோப்பாவெங்கும் புரட்சித் தீ மூண்டிருந்த ஆண்டு அது. இங்கிலாந்து மட்டும் அத்தீயில் வேகாமைக்குக் காரணம், 1688-இல் நிகழ்ந்த மாற்றம் பழைய உரிமைகளைக் காத்துக்கொண்டே புதியன புகுத்தியதுதான் என்பது அவர் கோட்பாடு. சிறு ஓடையாகத் தோன்றிய உரிமை, காலந்தோறும் அகன்று பேராறாகப் பாய்ந்தது என்னும் காட்சியை அவருடைய நடை கண்முன் நிறுத்தியது.

வில்லியம் ஸ்டப்ஸ் 1874 முதல் 1878 வரை வெளியிட்ட அரசியலமைப்பு வரலாறு இவ்வுரைக்கு ஆவணச் சான்றுகளை ஊட்டியது. மெக்காலேயின் மரபில் வந்த ஜி. எம். டிரெவெல்யன் 1926-இல் எழுதிய வரலாறு அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இவ்வுரையின் சிறப்பை மறுத்தல் அறமாகாது. சட்டமும் மரபும் ஒரு நாட்டின் வாழ்வில் எத்துணை வலியன என்பதை இது நன்கு உணர்த்துகிறது. மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்னும் கருத்து வேரூன்றியிராவிடின் பின்வந்த வாக்குரிமை எதில் நிலைகொண்டிருக்கும்? எனினும் இவ்வுரையில் பெரியதொரு முரண்பாடு உண்டு. 1831-இல் சீர்திருத்த மசோதாவுக்காகப் பொதுமக்கள் சபையில் முழங்கிய அதே மெக்காலே, 1842 மே 3-ஆம் நாள், அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டு வந்த விண்ணப்பத்தை எதிர்த்துப் பேசினார். அனைவர்க்கும் வாக்கு என்பது நாகரிகத்துக்கே ஒவ்வாதது என்பது அன்று அவர் கட்சி. அவ்விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோர் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியாட்சியின் வளர்ச்சியைப் பாடியவராகக் கொள்ளப்படுபவர், குடியாட்சி வாயிலில் வந்து நின்றபோது கதவடைத்தவராகவும் காணப்படுகிறார். அவர் போற்றியது உடைமையாளரின் உரிமை. அதனைக் குடியாட்சியின் கதையாக மாற்றிக் கொண்டவர் அவர்க்குப் பின் வந்தோரே.

பட்டர்ஃபீல்டின் தடை

இவ்வுரையை அடியோடு அசைத்த நூல், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்டு 1931-இல் வெளியிட்ட 'வரலாற்றுக்கு விக் விளக்கம்' என்னும் சிறு நூல். இன்றைய நிலையை முடிவிடமாகக் கொண்டு, அதனை நோக்கி நடந்தோரை நல்லோர் என்றும், குறுக்கே நின்றோரைத் தீயோர் என்றும் பிரித்தல் வரலாறன்று என்பது அவர் எழுப்பிய தடை. பழங்காலத்தவர் தங்கள் காலச் சிக்கலோடு மல்லாடினரேயன்றி நம் காலத்தைப் படைக்கப் புறப்பட்டவரல்லர். ஜான் மன்னனை எதிர்த்த பிரபுக்கள் தங்கள் நிலவரியையும் வழக்குரிமையையும் எண்ணினர். வருங்கால வாக்காளரை எண்ணவில்லை.

பட்டர்ஃபீல்டு கொள்கையளவில் கூறியதை, அதற்கு ஈராண்டு முன்னரே, 1929-இல், லூயி நேமியர் செயலளவில் காட்டியிருந்தார். மூன்றாம் ஜார்ஜ் பட்டமேறிய காலத்துப் பாராளுமன்ற உறுப்பினரை ஒருவர் ஒருவராக எடுத்து, அவருடைய உறவு, உடைமை, பதவி, புரவலர் ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார். உரிமைக்குப் போராடிய விக்குகளும் அரசனுக்குத் துணைநின்ற டோரிகளும் எதிரெதிர் நின்ற களம் அங்கே காணப்படவில்லை. குடும்பத் தொடர்பும் ஊர்ச் செல்வாக்கும் பதவி வேட்கையுமே காணப்பட்டன.

நேமியரின் முறைக்கும் குறை உண்டு. மனிதரை நலன்களின் மூட்டையாகக் கண்டால், கொள்கைக்காகச் சிறை புகுந்தோரை எவ்வாறு விளக்குவது? விக் உரையைத் தாக்கிய பட்டர்ஃபீல்டே 1957-இல் நேமியர் வழியினரைக் கடிந்து மற்றொரு நூல் எழுதினார். அரசியலிலிருந்து கருத்துகளைக் களைந்துவிட்டால் எஞ்சுவது உயிரற்ற எலும்புக்கூடே என்பது அதன் சாரம்.

ஆர்க்காட்டுப் பணமும் ஆங்கிலத் தொகுதியும்

நேமியர் திறந்து காட்டிய அவ்வுலகத்தில் தமிழகத்தின் பங்கும் இருந்தது. சால்ஸ்பரி நகரருகே பழைய சாரம் என்னும் மேடு உண்டு. குடியிருப்பு அற்றுப்போன அம்மேடு 1832 வரை இரண்டு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வந்தது. மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற பெருநகரங்களுக்கோ ஓர் உறுப்பினரும் இல்லை. இந்திய வாணிகத்தில் பொருள் குவித்த தாமஸ் பிட் பழைய சாரத்தின் நிலவுரிமையை விலைக்கு வாங்கினார். 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் இவரே. இவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-இல் அந்த மேட்டின் உறுப்பினராகவே பாராளுமன்றம் புகுந்து, பின்னாளில் நாட்டின் தலைமை ஏற்றார்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வெள்ளையரிடம் பட்ட கடனின் கதை இதனினும் கொடிது. அக்கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது கருநாடகப் பகுதியின் நிலவரி. கடன் கொடுத்தோருள் முதல்வரான பால் பென்ஃபீல்டு, அப்பணத்தின் வலிமையால் எண்மரைப் பாராளுமன்றத்துக்குக் கொணர்ந்தார் என்று எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆற்றிய உரையில் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டின்படி, தமிழ் உழவன் அளந்த வரி, கடல் கடந்து சென்று ஆங்கிலத் தொகுதிகளை விலைபேசிற்று. தூய ஓடை அகன்று பேராறாயிற்று என்னும் விக் உரையில் இச்சேற்றுக்கு இடமில்லை.

அடித்தள மக்களின் உரை

உரிமைக்காகக் குருதி சிந்தியோரைக் கதையின் நடுவே நிறுத்திய அறிஞருள் தலையாயவர் இ. பி. தாம்சன். அவர் 1963-இல் வெளியிட்ட 'ஆங்கிலத் தொழிலாளி வகுப்பின் உருவாக்கம்' என்னும் பெருநூல், நெசவாளரையும் கைவினைஞரையும் கலகக்காரர் என்று தள்ளாமல், எண்ணித் துணிந்த மனிதராகக் கண்டது. 1819 ஆகஸ்டு 16-ஆம் நாள் மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை வேண்டித் திரண்ட பல்லாயிரவர்மீது குதிரைப்படை பாய்ந்தது. 1831 அக்டோபரில் பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளியதும் பிரிஸ்டல் நகரம் எரிந்தது. நாட்டிங்ஹாம் கோட்டைக்குத் தீயிடப்பட்டது. 1832 மே மாதத்தில் வங்கியிலுள்ள பொன்னை எடுத்து ஆட்சியை முடக்குமாறு குரல் எழுந்தது. நாடு புரட்சியின் விளிம்பில் நின்றது என்பது தாம்சன் முடிபு.

இவ்வுரைக்குத் துணைநிற்கும் பழஞ்சான்று ஒன்றுண்டு. 1647-இல் புட்னி என்னும் ஊரில் கிராம்வெல்லின் படைவீரர் கூடி, நாட்டின் வருங்கால ஆட்சி பற்றி வாதிட்டனர். மிக ஏழையானவனுக்கும் வாழ வேண்டிய வாழ்வு ஒன்று உண்டு. ஆதலின் அவன் இசைவின்றி அவனை ஆளுதல் தகாது என்றார் படைத்தலைவர் ரெயின்ஸ்பரோ. நிலையான உடைமை உள்ளவர்க்கே வாக்கு என்று மறுத்தார் கிராம்வெல்லின் மருகர் அயர்ட்டன். இவ்வாதத்தை வில்லியம் கிளார்க் எழுதிவைத்த குறிப்பு, ஆக்ஸ்ஃபோர்டு வூஸ்டர் கல்லூரியில் கிடந்து, 1891-இல்தான் சி. எச். ஃபர்த் என்பாரால் அச்சேறியது. சாமிநாதையர் சிந்தாமணியையும் புறநானூற்றையும் ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றிய காலத்தை ஒட்டியதே அதுவும். 1859-இல் மறைந்த மெக்காலேக்கு அச்சான்று கிட்டவில்லை. ஏடு வெளிவந்தபின் தமிழிலக்கிய வரலாறு மாறியதுபோல, இக்குறிப்பு வெளிவந்தபின் ஆங்கிலக் குடியாட்சியின் வரலாறும் மாறிற்று. அனைவர்க்கும் வாக்கு என்பது பின்னாளில் மெல்லப் பழுத்த கனியன்று. இருநூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் புதையுண்டு கிடந்த வித்து என்பது தெரியலாயிற்று.

1838-இல் எழுந்த மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளைக் கொண்டது. ஆடவர் அனைவர்க்கும் வாக்கு, மறைவான வாக்களிப்பு, உறுப்பினர்க்குச் சொத்துத் தகுதி வேண்டாமை, உறுப்பினர்க்கு ஊதியம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என்பன அவை. 1839, 1842, 1848 ஆகிய மூன்று முறையும் பாராளுமன்றம் அவற்றைப் புறக்கணித்தது. ஆயினும் சொத்துத் தகுதி நீக்கம் 1858-லும், மறைவான வாக்கு 1872-லும், ஊதியம் 1911-லும் வந்தன. ஆண்டுத் தேர்தல் ஒன்று நீங்கலாக ஏனையவை காலப்போக்கில் சட்டமாயின. தோற்ற இயக்கம் வென்ற விந்தை இது. ஆனால் இவ்விடத்தே தாம்சன் வழியினர் விடை கூற வேண்டிய வினா ஒன்றுண்டு. சாசன இயக்கம் 1848-க்குப்பின் தளர்ந்துவிட்டது. தளர்ந்த இயக்கத்தின் கோரிக்கையைப் பிற்காலத்தார் நிறைவேற்றியது ஏன்?

ஒரு சட்டம், இரு விளக்கம்

அவ்வினாவின் உரைகல் 1867-ஆம் ஆண்டுச் சட்டம். வாக்காளர் தொகையை ஏறத்தாழ இரு மடங்காக்கிய இச்சட்டத்தைக் கொணர்ந்தவர், குடியாட்சிக்கு நண்பரல்லாத பழமைக் கட்சியின் டிஸ்ரேலி. இதுவே வியப்பு.

ராய்டன் ஹாரிசன் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். 1867 மே 6-ஆம் நாள், அரசின் தடையை மீறிச் சீர்திருத்தக் கழகத்தார் இலண்டன் ஹைடு பூங்காவில் பெருங்கூட்டம் கூட்டினர். அரசு கைகட்டி நின்றது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். 11 நாள் கழித்து, மே 17-இல், வாக்குரிமையைப் பெரிதும் விரிக்கும் ஹாட்ஜ்கின்சன் திருத்தத்தை டிஸ்ரேலி ஏற்றார். மக்களின் அழுத்தம் இன்றி இது நிகழ்ந்திருக்குமா என்பது ஹாரிசன் வினா.

ஈராண்டுக்குப்பின் மாரிஸ் கௌலிங் எதிர் விளக்கம் தந்தார். பூங்காவில் நிகழ்ந்ததைவிடச் சபையினுள் நிகழ்ந்ததே முதன்மை; கிளாட்ஸ்டனை வீழ்த்தித் தம் கட்சியை ஆட்சியில் நிலைநிறுத்தவே டிஸ்ரேலி எத்திருத்தத்தையும் ஏற்றார்; கிளாட்ஸ்டன் முன்மொழிந்தது என்னும் பெயர் மட்டும் அதற்கு இருத்தலாகாது என்றார் அவர்.

இரு விளக்கமும் ஒரே ஆண்டின் ஒரே ஆவணங்களைக் கொண்டே எழுந்தவை. ஹாரிசன் கூறுவது, ஏதேனும் ஒரு சீர்திருத்தம் ஏன் தவிர்க்க இயலாததாயிற்று என்பதற்கு விடையாகும். கௌலிங் கூறுவது, அது ஏன் இவ்வடிவில், இவர் கையால் வந்தது என்பதற்கு விடையாகும். இரண்டு வினாக்களை ஒன்றெனக் கொண்டமையால் எழுந்த பூசலே இதிற் பெரும்பகுதி.

அச்சமும் வேலியும்

பொருளியல் அறிஞர் அசமோக்லுவும் ராபின்சனும் 2000-ஆம் ஆண்டில் இச்சிக்கலுக்குப் பொதுவிதி ஒன்று வகுத்தனர். புரட்சி வருமென அஞ்சிய ஆளுங்குடியினர், வெறும் சலுகைகளை மக்கள் நம்பமாட்டார் என்பதால், திரும்பப் பெற இயலாத வாக்குரிமையையே தந்தனர் என்பது அவர் கூற்று. புரட்சியைத் தவிர்க்கவே சீர்திருத்தம் என்று 1831-இல் தலைமை அமைச்சர் கிரே கூறியது இதற்கு அரண் செய்கிறது. ஆயினும் 1832 சட்டம் தொழிலாளர்க்கு வாக்களிக்கவில்லை. ஆண்டுக்குப் பத்துப் பவுன் மதிப்புள்ள வீட்டில் குடியிருந்தோர்க்கே நகரங்களில் வாக்களித்தது. அதற்கு முன் பிரெஸ்டன் போன்ற ஊர்களில் ஏழையர்க்கும் இருந்த பரந்த வாக்குரிமை, இருந்தவர் ஆயுளோடு முடிய விடப்பட்டது. வாக்குரிமை ஆடவர்க்கே என்னும் சொல் சட்டத்தில் வெளிப்படையாக ஏறியதும் அப்போதே. அச்சம் ஒன்றே காரணமாயின், அஞ்சத்தக்கவரை விலக்கி, நடுத்தர வகுப்பாரை உட்சேர்த்துப் பிரித்த சூழ்ச்சியையும் அதனோடு கூட்டியே உரைத்தல் வேண்டும்.

பாரிங்டன் மூர் 1966-இல் கூறியது ஆழமானது. இங்கிலாந்தின் பிற்கால அமைதிக்கு முற்கால வன்முறையே அடித்தளம் என்றார் அவர். அரசன் தலை 1649-இல் வீழ்ந்தது. பொது நிலங்களை வேலியடைத்து உழவரை வெளியேற்றியது நிலவுடைமையாளர் நிறைந்த பாராளுமன்றம். வேலியடைப்பின் விளைவை மூர் மிகைப்படுத்தினார் என்று வேளாண் வரலாற்றறிஞர் பலர் மறுத்துள்ளனர். எனினும், மெல்ல நடந்தது என்பதாலேயே துன்பமின்றி நடந்தது என்று கொள்ளலாகாது என்னும் அவர் எச்சரிக்கை நிலைத்து நிற்பது.

பெண்டிர் வாக்குரிமை பற்றிய உரைகளும் இவ்வாறே பிரிகின்றன. முதல் உலகப் போரில் பெண்கள் ஆற்றிய தொண்டுக்குப் பரிசாக 1918-இல் வாக்குரிமை வந்தது என்பர் ஒரு சாரார். ஆனால் அச்சட்டம் 30 வயது நிரம்பி, வீட்டுரிமை முதலிய தகுதியும் உடைய பெண்களுக்கே வாக்களித்தது. வெடிமருந்துச் சாலைகளில் உழைத்த இளம் பெண்களுட் பெரும்பாலோர் அவ்வயது எட்டாதவர். உழைத்தவரை விலக்கி உழையாதவர்க்குக் கொடுப்பது எவ்வாறு பரிசாகும்? போருக்கு முன்னரே மில்லிசென்ட் ஃபாசெட், எம்மலின் பாங்கர்ஸ்ட் ஆகியோர் நடத்திய நெடும் இயக்கத்தை விட்டுவிட்டு இதனை விளக்குதல் இயலாது. ஆடவர்க்கு நிகரான வாக்கு 1928-இல்தான் வந்தது.

குடவோலைக்கும் இதே அளவுகோல்

பட்டர்ஃபீல்டின் தடை தமிழர்க்கும் பயன்படுவது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையைக் காட்டி, இக்காலத் தேர்தல் அன்றே தமிழகத்தில் இருந்தது என்று மேடைதோறும் முழங்குவர். முதற் பராந்தகன் காலத்து, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும், மறைநூற் பயிற்சியும் உடையாரையே குடவோலைக்கு உரியராகக் கூறுகிறது. அது பிரமதேய ஊரின் சபை. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய அதன் நுட்பம் போற்றத்தக்கது. அதனை அனைவர்க்கும் உரிய குடியாட்சி என்பது, மாக்னா கார்ட்டாவில் 1928-ஐக் காண்பதை ஒத்த பிழை.

உரையின் விளைவு

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நில்லாமல் மக்கள் வாழ்விலும் விளைவை உண்டாக்கின. குடியாட்சி ஓர் இனத்தின் இயல்பில் நூற்றாண்டுக் கணக்கில் முதிர்வது என்னும் விக் உரை, மற்றையோர் இன்னும் முதிரவில்லை என்று கூறவும் இடந்தந்தது. கிளாட்ஸ்டன் வரலாற்றை எழுதிய தாராளவாதி ஜான் மார்லி, 1908-இல் இந்தியச் செயலராக இருந்தபோது, தம் சீர்திருத்தம் இந்தியாவில் பாராளுமன்ற ஆட்சிக்கு வழிகோலுமாயின் அதில் தமக்குப் பங்கில்லை என்றார். ஆனால் 1931-இல், இங்கிலாந்துக்கு மூன்றே ஆண்டு பின்னதாக, இலங்கையில் ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தபோது, அதற்கு நூற்றாண்டுகள் தேவைப்படவில்லை.

அவ்விலங்கையே விக் உரையின் மற்றொரு பகுதியையும் பொய்ப்பித்தது. மலையகத் தோட்டங்களில் வாக்களித்து வந்த தமிழருட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனை அடுத்து வந்த சட்டத்தாலும் வாக்கிழந்தனர். அச்சிக்கலைத் தீர்க்கும் சட்டங்கள் 2003 வரை தொடர வேண்டியிருந்தது. உரிமை என்னும் ஆறு முன்னோக்கியே பாயும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. பிரெஸ்டன் ஏழையும் மலையகத் தொழிலாளியும் அதற்குச் சான்று.

ஈந்ததா, ஈட்டியதா என்னும் வினாவுக்கு, கேட்டவர் இன்றிக் கொடுத்தவர் இல்லை என்பதே சான்றுகள் தரும் விடை. எப்போது, எவ்வளவு, யார் கையால் என்பனவற்றைக் கொடுத்தோரின் நலன் முடிவு செய்தது. கொடுக்கும் நிலையை உண்டாக்கியது கேட்டோரின் விடாமுயற்சி. கொடுத்தது நிலைபெறத் துணைநின்றது சட்ட மரபு. மூன்றில் ஒன்றை விடுத்து எழுதும் உரை குறையுரையே. வகுப்பறையில் இவ்வரலாற்றைப் பயிற்றும் ஆசிரியர், ஆண்டுகளின் பட்டியலோடு நில்லாமல், ஒவ்வொரு சட்டத்தின் எதிரிலும் கேட்டவர் யார், கொடுத்தவர் யார், விடுபட்டவர் யார் என்னும் மூன்று வினாக்களை எழுதி மாணவரை விடை தேடச் செய்வாராயின், அம்மாணவர் வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும் நாளில் அதன் விலையை அறிந்தவராக இருப்பர்.